அத்தியாயம் 5: இரண்டை அளந்தால் மற்ற இரண்டும் தெரியும்

"தம்பி, இந்த ராடு சரியில்ல. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. ஒரு பக்கெட் தண்ணி காய அரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."

தெருவின் கடைசி வீடு. அந்த அம்மா என்னிடம் நீட்டியது தண்ணீர் சுடவைக்கும் ராடு. கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சு அழியாமல் இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. பக்கெட் தண்ணீருக்குள் விட்டு, என் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, ஓடவிட்டு இரண்டே அளவு எடுத்தேன். பெட்டியின் இன்னொரு சாக்கெட்டில் மல்டிமீட்டர் காட்டிய மின்னழுத்தம் 172 வோல்ட். கிளாம்ப் மீட்டர் காட்டிய மின்னோட்டம் 4.9 ஆம்பியர். பிறகு ஒரு பழைய கரண்ட் பில்லைத் திருப்பிப்போட்டு எழுதினேன்.

மின்தடை: 172 ÷ 4.9 = 35.1 ஓம்
மின்திறன்: 172 × 4.9 = 843 வாட்

அச்சில் இருப்பதை வைத்தும் அதே கணக்கைப் போட்டேன். 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர். 230 ÷ 6.52 = 35.3 ஓம். அதாவது ராடு எந்தத் தடையோடு இருக்கவேண்டுமோ அதே தடையோடுதான் இருக்கிறது. "அம்மா, ராடு மேல தப்பில்லம்மா. கடைக்காரரைத் திட்டாதீங்க" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

1500 வாட் என்று போட்டிருக்கும் ராடு 843 வாட்தான் தருகிறது, ஆனால் ராடில் குறையில்லை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்பது புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது. ஒரு சாதனத்துக்குச் சொந்தமானது அதன் தடை மட்டும்தான். வாட் என்பது அந்தத் தடையும் அன்றைக்கு வரும் வோல்டேஜும் சேர்ந்து முடிவு செய்வது. அச்சில் வாட்டுக்குப் பக்கத்திலேயே வோல்ட்டையும் போடுவது அதனால்தான்.

இரண்டு சூத்திரம் போதும்

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என நான்கு அளவுகள். இவற்றை இணைத்துப் பன்னிரண்டு சூத்திரம் எழுதிய வட்டப் படம் ஒன்று பயிற்சிக் கூடங்களில் தொங்கும். அதை மனப்பாடம் செய்து குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டுதான் தெரியும், இருபது வருடமாக அந்த இரண்டில்தான் பிழைப்பு ஓடுகிறது.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலாவது ஜார்ஜ் ஓம் 1827இல் தன் நூலில் விளக்கி வெளியிட்ட விதி. அவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு சோதனைகள் செய்தவர். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலங்கள் ஒரே வோல்டேஜில் நிற்காமல் ஏறி இறங்கின, அளவுகள் கைக்குள் அடங்கவில்லை. போகண்டார்ஃப் என்ற அறிவியலாளர் சொன்ன யோசனைப்படி, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத மின்னழுத்தம் ஒன்றைப் பெற்ற பிறகுதான் கணக்கு நேரானது. நம் தெரு லைனைப் பனிக்கட்டியில் வைக்க முடியாது. ஆகவே நமக்கு உள்ள ஒரே வழி, வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில், சாதனம் ஓடும்போதே அளப்பது. காலையில் எடுத்த வோல்டேஜை மாலையில் எடுத்த ஆம்பியரால் வகுத்தால் வருவது வெறும் எண்.

இரண்டு சூத்திரத்தையும் ஒன்றில் ஒன்றைப் போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுத்தாலும் வாட். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கித் தடையால் பெருக்கினாலும் வாட். முதல் வடிவத்தில் வோல்ட் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். 172 வோல்ட் என்பது 230இல் முக்கால் பங்கு. முக்காலில் முக்கால் போட்டால் கிட்டத்தட்ட 0.56. 1500இல் 0.56 பங்கு 840 வாட். வோல்டேஜ் கால் பங்கு குறைந்தால் சூடு கால் பங்குதான் குறையும் என்று நினைப்போம். உண்மையில் பாதிக்கு அருகில் வந்துவிடுகிறது.

அந்த அம்மா சொன்ன அரை மணி நேரத்தையும் சரிபார்க்கலாம். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் உயர்த்த 1675 கிலோஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். 1500 வாட்டில் 1117 விநாடி, அதாவது பத்தொன்பது நிமிடத்துக்குள். 843 வாட்டில் 1987 விநாடி, முப்பத்து மூன்று நிமிடம். அவர் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

தொலைந்த பத்து வோல்ட்

இதோடு விட்டிருந்தால் "தெருவில் லோ வோல்டேஜ்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். பாதி உண்மைதான் அது. ராடை நிறுத்திவிட்டு அதே சாக்கெட்டில் மறுபடி அளந்தேன்: 184 வோல்ட். ராடு ஓடினால் 172. பன்னிரண்டு வோல்ட் இறங்குகிறது. அடுத்து ராடை ஓடவிட்டு வாசலில் மீட்டர் போர்டில் அளந்தேன்: 182. அப்படியானால் தெரு லைனிலும் சர்வீஸ் வயரிலும் இறங்குவது 2 வோல்ட், மீதி 10 வோல்ட் வீட்டுக்குள்ளேயே எங்கோ போகிறது.

10 ÷ 4.9 = 2.04 ஓம்.

வீட்டு வயரிங்குக்கு இவ்வளவு தடை உண்டா? மீட்டர் போர்டிலிருந்து குளியலறைப் பக்கம் வரை சுமார் 12 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். போக வர 24 மீட்டர். இந்த வயருக்கு 100 மீட்டருக்கு 1.2 ஓம் என்று வைத்தால் 0.29 ஓம்தான் வரவேண்டும். மீதி 1.75 ஓம் வயரில் இல்லை, ஏதோ ஓர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது எவ்வளவு சூடாகும்? 4.9 × 4.9 × 1.75 = 42 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேலான சூடு, கட்டைவிரல் அளவு இடத்தில், சுவருக்குள்.

மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு ஜங்ஷன் பெட்டியாகத் திறந்தேன். மூன்றாவதில் கிடைத்தது. நியூட்ரல் வயர்கள் மூன்றையும் சேர்த்து ஏனோதானோவென்று முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகிக் கருகி, செம்பு ஊதா நிறமாகி, பெட்டி மூடியின் உள்பக்கம் பழுப்பேறிக் கிடந்தது. கருகிய நுனியை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை சீவி, திருகுள்ள கனெக்டரில் இறுக்கினேன்.

மறுபடி அளந்தபோது சாக்கெட்டில் 180 வோல்ட், 5.1 ஆம்பியர். 918 வாட். தடை 35.3 ஓம், மாறவில்லை. தண்ணீர் முப்பது நிமிடத்தில் காய்ந்தது. மூன்று நிமிடம்தான் மிச்சம், அந்த அம்மாவுக்குப் பெரிய திருப்தி இல்லை. தெரு வோல்டேஜ் என் கையில் இல்லை. சுவருக்குள் எரிந்துகொண்டிருந்த 42 வாட்டை நான் விளக்கிச் சொன்னதைவிட, கருகிய டேப்பைக் கையில் கொடுத்ததுதான் அவருக்குப் புரிந்தது.

தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. ஒரு சூத்திரத்தில் தடையால் வகுக்கிறோம், இன்னொன்றில் தடையால் பெருக்குகிறோம். அப்படியானால் தடை கூடும்போது சூடு என்ன ஆகும்?

மேலே சொன்ன வீட்டிலேயே பதில் இருக்கிறது. ராடுக்கு வோல்டேஜ் வெளியிலிருந்து வருகிறது, அதைக் கிட்டத்தட்ட நிலையானது எனக் கொள்ளலாம். அங்கே தடை குறைந்தால் ஆம்பியர் கூடும், சூடும் கூடும். 1000 வாட் ராடுக்கு 53 ஓம், 1500 வாட் ராடுக்கு 35 ஓம், 2000 வாட் கீசருக்கு 26 ஓம். பெரிய வாட்டுக்குச் சின்னத் தடை. கருகிய ஜாயிண்டின் நிலை வேறு. அதன் வழியாக எத்தனை ஆம்பியர் போகவேண்டும் என்று முடிவு செய்வது அதற்குப் பின்னால் இருக்கும் ராடு. 35 ஓம் ராடோடு ஒப்பிட்டால் ஜாயிண்டின் ஒன்றோ இரண்டோ ஓம் மின்னோட்டத்தைப் பெரிதாக மாற்றாது. ஆகவே அங்கே தடை இரட்டித்தால் சூடும் ஏறக்குறைய இரட்டிக்கும். எது நிலையாக நிற்கிறது, வோல்ட்டா ஆம்பியரா என்று முதலில் கேளுங்கள். எந்தச் சூத்திரம் என்பது தானாக வரும்.

சுருள் கம்பி அடுப்பு வைத்திருந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பீங்கான் தட்டின் பள்ளத்தில் ஓடும் நிக்ரோம் சுருள் ஓரிடத்தில் அறுந்துபோகும். புதுச் சுருள் வாங்க மனசு வராது. அறுந்த இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டால் அடுப்பு முன்பைவிடச் சிவப்பாக எரியும். வீட்டில் பாராட்டும் கிடைக்கும். 1000 வாட் சுருளில் பத்தில் ஒரு பங்கு நீளம் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். தடை 52.9 ஓமிலிருந்து 47.6 ஓமுக்கு இறங்கும், திறன் 1111 வாட்டுக்கு ஏறும். அதிகச் சூடு, அதைத் தாங்கக் குறைந்த நீளம். ஒவ்வொரு சென்டிமீட்டர் கம்பியும் முன்பைவிட 23 சதவீதம் கூடுதல் வாட்டை ஏற்கிறது. அதனால்தான் ஒருமுறை முறுக்கிய அடுப்பு அடுத்தடுத்து அறுந்துகொண்டே போகும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் கருகிய ஜாயிண்டின் கதை இன்னும் சீக்கிரம் நடக்கும், அங்கே வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் போகும்போது, பூத்துப்போன டெர்மினலில் வெறும் 0.02 ஓம் இருந்தாலும் அங்கேயே ஒரு வோல்ட் போய்விடும், 50 வாட் சூடாகும். சாதாரண மல்டிமீட்டரால் 0.02 ஓமை அளக்கவே முடியாது. ஓடும்போது டெர்மினலின் இரு பக்கமும் முனைகளை வைத்து வோல்ட் பார்த்து, ஆம்பியரால் வகுத்தால் முடியும். நேரடியாக அளக்க முடியாத தடைக்கு வகுத்தல்தான் கருவி.

அளக்கும்போது

வோல்டேஜைப் பக்கவாட்டில், இரண்டு முனைக்கு நடுவே அளக்கவேண்டும். மின்னோட்டத்தை வழியில் நின்று அளக்கவேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் சொருகியிருப்பதை மறந்து அப்படியே சாக்கெட்டுக்குள் வைப்பதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய விபத்து. மீட்டருக்குள் தடை ஏறக்குறைய இல்லை என்பதால் அது நேர் ஷார்ட். வீட்டு லைனில் ஆம்பியர் பார்க்க மல்டிமீட்டரே வேண்டாம் என்பது என் கட்சி. கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள்.

கிளாம்பை ஒற்றை வயரில்தான் மாட்டவேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளில் மாட்டினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். அதற்காகவே மூன்று தனி வயர்களை, 2.5 சதுர மி.மீ.யில், சேர்த்து உறையிடாமல் குட்டையாக ஒரு எக்ஸ்டென்ஷன் செய்து வைத்திருக்கிறேன். சின்ன லோடை அளக்க அதன் பேஸ் வயரைக் கிளாம்பின் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம்.

ஓம் நிலையில் அளப்பது பிளக்கைப் பிடுங்கிய பிறகு மட்டும்தான். முதலில் மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும், அது வயரின் தடை, கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ராடின் பிளக்கில் பேஸ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே 35 ஓம் வரவேண்டும். ஒரு பின்னுக்கும் மேலே உள்ள பருத்த எர்த் பின்னுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் அந்த ராடைத் தண்ணீரில் விடாதீர்கள். காட்டாவிட்டாலும் முழு நம்பிக்கை வேண்டாம். மல்டிமீட்டர் சோதிப்பது சின்ன பேட்டரியின் பலத்தில், 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர்தான் உண்மையைச் சொல்லும்.

இன்னொன்று. 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். இந்த ராடை 6 ஆம்பியர் சாக்கெட்டில் போடக்கூடாது. பெரிய பின் உள்ள பிளக்கில் சின்ன அடாப்டரை மாட்டி அந்தச் சாக்கெட்டை ஏமாற்றுவதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன்.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

குண்டு பல்பு கையில் இருந்தால் ஓம் பாருங்கள். 100 வாட் பல்பு 40 ஓம் அளவில் காட்டும். கணக்குப்படி 230 × 230 ÷ 100 = 529 ஓம் வரவேண்டும். இரண்டும் சரி. அணைந்து குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழைக்கும், 2500 டிகிரியை ஒட்டி வெண்மையாய் எரியும் அதே இழைக்கும் தடை பத்து மடங்குக்கு மேல் வேறுபடும். சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் அது 5 ஆம்பியருக்கு மேல் இழுத்துவிட்டு உடனே அரை ஆம்பியருக்கும் கீழே அடங்குகிறது. பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவதற்கு இதுதான் காரணம். ராடு, இஸ்திரிப்பெட்டியில் இருக்கும் நிக்ரோம் அப்படியில்லை. சூட்டில் சில சதவீதம்தான் ஏறும், குளிர்ந்தபோது எடுத்த ஓமை நம்பலாம்.

மோட்டாரில் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். கிணற்று மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுத்தால் பெருக்கி வரும் 1610 வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மைத் திறன் 1288 வாட். சுருளின் ஓமை மல்டிமீட்டரில் பார்த்து ஆம்பியர் கணக்கிட்டால் அபத்தமான எண் வரும், ஓடும் மோட்டாரில் மின்னோட்டத்தை அடக்குவது வெறும் கம்பித் தடை இல்லை. வோல்டேஜ் இறங்கினால் ராடு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மோட்டாரோ அதே தண்ணீரை மேலே தள்ளவேண்டியிருப்பதால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். லோ வோல்டேஜில் ராடு தாமதமாகிறது, மோட்டார் கருகுகிறது.

எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், டி.வி. இவற்றுக்கு ஓம் பார்ப்பதே வீண்.

மீட்டரைக் கேட்டுப் பாருங்கள்

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு வாட் மீட்டர் தொங்குகிறது. டிஜிட்டல் மின்மீட்டரில் சிவப்பாகக் கண்சிமிட்டும் சின்ன விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று பல மீட்டர்களில் இருக்கும், உங்கள் மீட்டரில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும், ஃபிரிட்ஜ் உட்பட, நிறுத்திவிட்டு ராடை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணவேண்டும். ஜாயிண்டைச் சரிசெய்த பிறகு அந்த வீட்டில் 49 வந்தது. 49ஐ 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 0.919 கிலோவாட். கிளாம்ப் சொன்னது 918 வாட். மோட்டாருக்கும் இந்த முறை சரியாக வரும். மீட்டர் அளப்பது உண்மையான வாட், பவர் ஃபேக்டர் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு கணக்கு

இஸ்திரிப்பெட்டி, அச்சில் 230 வோல்ட், 1000 வாட். சும்மா இருக்கும்போது சாக்கெட்டில் 224 வோல்ட். பெட்டியின் விளக்கு எரியும்போது, அதாவது தெர்மோஸ்டாட் வெட்டாமல் இருக்கும்போது, 219 வோல்ட், 4.1 ஆம்பியர். சாக்கெட் வரை 1 சதுர மி.மீ. செம்பு வயர், தூரம் 20 மீட்டர். இந்த வயருக்கு 100 மீட்டருக்கு 1.8 ஓம். மேலே படிக்காமல் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பெட்டியின் தடை 219 ÷ 4.1 = 53.4 ஓம். அச்சுப்படி 52.9. இந்த வித்தியாசம் மீட்டரின் பிழைக்குள் அடங்கும், பெட்டி நன்றாக இருக்கிறது. திறன் 898 வாட். இறங்கிய 5 வோல்ட்டை 4.1ஆல் வகுத்தால் 1.22 ஓம். போக வர 40 மீட்டர் வயருக்கு 0.72 போனால் மீதி அரை ஓம். அந்த அரை ஓம் முழுவதும் ஒரே இணைப்பில் இருந்தால் அங்கே எட்டு வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும்.

எட்டு வாட்டுக்காகச் சுவர்ப் பெட்டிகளைத் திறப்பதா? நானாக இருந்தால் முதலில் பெட்டி ஓடும்போது மீட்டர் போர்டில் ஒருமுறை அளப்பேன். அங்கேயே 222 காட்டினால் அந்த அரை ஓம் தெரு லைனுக்குச் சொந்தமானது, ஸ்க்ரூட்ரைவரை எடுக்க வேண்டியதில்லை. 224 அசையாமல் நின்றால் மெயினை இறக்கிவிட்டு முதலில் சாக்கெட்டின் பின்பக்கத் திருகைப் பார்ப்பேன்.